கீழ்ச்சுவரா, முன்சுவரா? மாரடைப்பின்போது இதயத்தின் மின்பாதையில் நேரும் தடைகள்

மாரடைப்பு வந்தவரின் ஈ.சி.ஜி. தாளைப் பார்த்துவிட்டு மருத்துவர் "ஹார்ட் பிளாக்கும் இருக்கிறது" என்று சொன்னால், வீட்டார் அதை இன்னொரு இரத்தக்குழாய் அடைப்பு என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். இது வேறு. இதயத்தின் இரத்தக்குழாய் அடைபட்டுத் தசைக்கு இரத்தம் போகாமல் இருப்பது மாரடைப்பு. அந்தத் தசையை ஒட்டி ஓடும் மின்பாதைக்கும் இரத்தம் குறையும்போது, மேலறையில் பிறந்த துடிப்பு கீழறைக்குத் தாமதமாக வரும், அல்லது இடையிடையே வராமல் போகும், அல்லது அடியோடு நின்றுவிடும். இதுதான் ஹார்ட் பிளாக்.

காரைக்குடியில் ஒரே நாளில் இரண்டு பேர் இந்தப் பிரச்சினையோடு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் நாடி நிமிடத்துக்கு 40. இருவரின் தாளிலும் முழுத் தடை. ஒருவருக்கு ஊசி மருந்திலேயே நாடி ஏறிவிடும், ஒரு வாரத்துக்குள் பேஸ்மேக்கர் இல்லாமல் வீடு திரும்புவார். இன்னொருவருக்கு அதே ஊசி பயன்படாது, வழியிலேயே துடிப்பு நின்றுபோகக்கூடும். இந்த வேறுபாட்டை நாடியின் எண்ணிக்கை காட்டாது. தடை பாதையின் எந்த இடத்தில் விழுந்தது, எந்தக் குழாய் அடைபட்டதால் விழுந்தது என்பதே அதைக் காட்டும். மதுரைக்கோ திருச்சிக்கோ ஏறத்தாழ 90 கி.மீ. ஆம்புலன்ஸில் போக வேண்டிய ஊர்களில், வண்டி கிளம்பும் முன் பதில் தெரிந்தாக வேண்டிய கேள்வி இது.

பாதையும் அதற்கு இரத்தம் தரும் குழாய்களும்

வலது மேலறையின் உச்சியில் இருக்கும் எஸ்.ஏ. நோட் ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்புகளைப் பிறப்பிக்கிறது. துடிப்பு மேலறைகளில் பரவி ஏ.வி. நோடுக்கு வருகிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத நார்த்திசு வளையம் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டில் வளவிலிருந்து (முதல் முற்றம்) இரண்டாம் கட்டுக்குப் போக ஒரே ஒரு நிலைவாசல் உள்ள வீட்டைப்போல, கீழே இறங்க ஏ.வி. நோடைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த நோடுக்குள் துடிப்பு நொடிக்கு 5 செ.மீ. அளவில்தான் நகர்கிறது. இந்தத் தாமதம் தேவையான ஒன்று. மேலறை சுருங்கிக் கீழறையை நிரப்பி முடிக்க அதுதான் நேரம் தருகிறது. நோடைத் தாண்டியதும் ஹிஸ் கற்றை, அதிலிருந்து வலது கற்றைக் கிளை, இடது கற்றைக் கிளை. இடது கிளை மேலும் முன், பின் என இரண்டாகப் பிரிகிறது. கடைசியில் பர்கின்ஜி நார்கள். அங்கே வேகம் நொடிக்கு 2 முதல் 4 மீட்டர்.

இந்த ஒவ்வொரு பகுதிக்கும் இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், மேலே சொன்ன கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். எஸ்.ஏ. நோடுக்கு ஏறத்தாழ பத்தில் ஆறு பேருக்கு வலது கொரோனரிக் குழாயிலிருந்தும், மற்றவர்களுக்கு இடது சர்கம்ஃப்ளெக்ஸ் குழாயிலிருந்தும் இரத்தம் வருகிறது. ஏ.வி. நோடுக்குப் பத்தில் ஒன்பது பேருக்கு வலது கொரோனரிதான். ஹிஸ் கற்றையின் கீழ்ப்பகுதி, வலது கற்றைக் கிளை, இடது முன்கிளை ஆகிய மூன்றும் இதயத்தின் நடுச்சுவருக்குள் ஓடுகின்றன. அந்தச் சுவரை வளர்ப்பது எல்.ஏ.டி. என்று சொல்லப்படும் இடது முன்குழாயின் கிளைகள். இடது பின்கிளைக்கு மட்டும் இரண்டு பக்கமிருந்தும் இரத்தம் வருவதால் அது தனியாகக் கெடுவது அரிது. அது கெட்டிருந்தால் சேதம் பெரிது என்று கொள்ளலாம்.

ஆக, வலது கொரோனரி அடைபட்டால் இதயத்தின் கீழ்ச்சுவரும் ஏ.வி. நோடும் பாதிக்கப்படும். எல்.ஏ.டி. அடைபட்டால் முன்சுவரும் நடுச்சுவருக்குள் ஓடும் கிளைகளும் பாதிக்கப்படும்.

மின்சாரம் ஏன் தடுமாறுகிறது

இரத்தம் நின்ற சில நிமிடங்களிலேயே, தசை சாவதற்கு வெகுநேரம் முன்பே, மின்கடத்தல் கெடத் தொடங்கிவிடும். ஆரோக்கியமான இதயச் செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல், வெளியே 4 மட்டுமே. இந்த வேறுபாடுதான் செல்லை ஓய்வில் மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் வைத்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உள்ள காரைக்குடியில், அயனிகளின் செறிவு வேறுபாடே மின்னழுத்தம் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆக்சிஜன் இல்லாத செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிகிறது. பத்து நிமிடங்களுக்குள் வெளியே அதன் அளவு இரண்டு மூன்று மடங்காகிவிடுகிறது. மின்னழுத்த வேறுபாடு குறைய, சோடியம் வாயில்கள் பாதி மூடிய நிலையில் உறைந்து போகின்றன. துடிப்பு மெதுவாகிறது. கூடவே சேரும் அமிலம், செல்லோடு செல்லை இணைக்கும் நுண்துளைகளையும் அடைக்கிறது.

ஏ.வி. நோடுக்கு இதோடு இரண்டு சுமைகள் கூடுதல். ஒன்று, பட்டினி கிடக்கும் தசையில் சேரும் அடினோசின். அது நோடை நேரடியாக மந்தப்படுத்தும். இரண்டாவது, இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பு. இதயத்தின் கீழ்ச்சுவரிலும் பின்சுவரிலும் வேகஸ் நரம்பின் உணர்நுனிகள் அடர்ந்திருக்கின்றன. அங்கே சேதம் நேர்ந்ததும் அவை தூண்டப்பட்டு, நாடி விழுகிறது, இரத்த அழுத்தம் விழுகிறது, குமட்டல் வருகிறது. மருத்துவப் பாடத்தில் இதற்கு பெசோல்ட்–யாரிஷ் அனிச்சைச் செயல் என்று பெயர்.

கீழ்ச்சுவர்: வாயு என்று தள்ளப்படும் மாரடைப்பு

செட்டிநாட்டில் கல்யாணச் சாப்பாட்டுக்கோ விசேஷச் சாப்பாட்டுக்கோ பிறகு மேல்வயிற்றில் பாரம், வாந்தி, வியர்வை என்றால் முதலில் வருவது இஞ்சிச் சாறும் ஓமத் தண்ணீரும் சோடாவும்தான். கீழ்ச்சுவர் மாரடைப்பு அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். வேகஸ் தூண்டல்தான் வாந்திக்கும் காரணம், நாடி விழுவதற்கும் காரணம். இரண்டும் சேர்ந்து வருவதே அடையாளம். வெறும் அஜீரணத்தில் நாடி பொதுவாக 40-க்கு இறங்காது. மேல்வயிற்று வலியோடு உடம்பு சில்லென்று வியர்த்து, மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் எண்ணிய நாடி 50-க்குக் கீழே இருந்தால், அதை மாரடைப்பு என்றே வைத்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். நாடி சரியாக இருக்கிறது என்பதற்காக மாரடைப்பு இல்லை என்று முடிவு செய்யவும் கூடாது. நீண்டநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதான ஆச்சிகளுக்கும் வலியே இல்லாமல் தலைசுற்றலும் மயக்கமும் மட்டும் வரலாம். அந்த மயக்கத்துக்குப் பின்னால் இருப்பது பல நேரம் இந்தத் தடைதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேகஸ் தூண்டல் உச்சத்தில் இருக்கும்போது மலம் கழிக்க வேண்டும் என்ற அவசரம் வரும். பழைய வீடுகளில் கழிப்பறை கடைசிக் கட்டுக்கும் பின்னால் இருக்கிறது. அவ்வளவு தூரம் நடந்துபோய், தாழ்ப்பாள் போட்டு, முக்கினால் ஏற்கெனவே 40-இல் இருக்கும் நாடி இன்னும் விழுந்து அங்கேயே சாய்ந்துவிடுவார்கள். நடக்க விடக் கூடாது. படுத்த இடத்திலேயே ஏற்பாடு செய்துகொடுப்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் உள்ள வீடானால், 108-க்குச் சொல்லும்போதே எந்தத் தெரு என்று சொல்லி, அந்தப் பக்கக் கதவுகளைத் திறந்துவைத்து, ஒருவர் வாசலில் நிற்க வேண்டும். நோயாளியை வீட்டின் எந்தக் கட்டுக்குள் படுக்க வைத்திருக்கிறோமோ அதற்கு அருகில் உள்ள வாசல் எதுவோ, அதுவே சரியான வாசல்.

நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை பல வீடுகளில் கைவசம் இருக்கிறது. நாடி 50-க்குக் கீழே இருக்கும்போதோ, மேல் அழுத்தம் 90-க்குக் கீழே இருக்கும்போதோ அதைக் கொடுக்கவே கூடாது. வலது கொரோனரி அதன் தொடக்கத்திலேயே அடைபட்டால் வலது கீழறையும் சேர்ந்து செயலிழக்கும். அந்த நிலையில் இதயம் உள்ளே வரும் இரத்தத்தின் அளவை நம்பித்தான் ஓடுகிறது. சார்பிட்ரேட் இரத்தத்தை உடம்பின் சிரைகளில் தேக்கிவிடும், அழுத்தம் சட்டென்று சரியும். கீழ்ச்சுவர் மாரடைப்பில் ஈ.சி.ஜி.யின் வழக்கமான 12 லீடுகளோடு (இதயத்தைப் பல கோணங்களில் காட்டும் பதிவுகள்), மார்பின் வலப்பக்கம் வி4 இடத்தில் ஒரு லீடு வைத்து எடுப்பது இதற்காகத்தான். அதில் எஸ்.டி. (கீழறைத் துடிப்பின் கோட்டை அடுத்து வரும் பகுதி; அது உயர்வது மாரடைப்பின் அடையாளம்) 1 மி.மீ. உயர்ந்திருந்தால் வலது கீழறை பாதிக்கப்பட்டிருக்கிறது. அப்போது சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகளைத் தவிர்த்து, நுரையீரலில் நீர் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சலைன் ஏற்றுவார்கள்.

கீழ்ச்சுவர் மாரடைப்பில் தடை நோடுக்குள்ளேயே இருப்பதால், அதற்குக் கீழே உள்ள பாதை முழுவதும் நல்ல நிலையில் இருக்கிறது. நோடின் அடிப்பகுதியோ ஹிஸ் கற்றையோ பொறுப்பை எடுத்துக்கொண்டு நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை துடிக்க வைக்கும். அந்தத் துடிப்பு வழக்கமான கிளைகள் வழியாகவே இறங்குவதால் தாளில் குறுகலாக, 3 சிறுகட்டங்களுக்குள் இருக்கும். நோட் இரத்தக்குறைவை ஓரளவு தாங்கும் திசு, பக்கக் கிளைகளிலிருந்தும் அதற்கு இரத்தம் கிடைக்கிறது. பெரும்பாலும் அது சாவதில்லை, மயங்கிக் கிடக்கிறது. முதல் ஆறு மணி நேரத்தில் வரும் தடை பெரிதும் வேகஸ் தூண்டலால் வருவது, வேகஸின் வேலையைத் தடுத்து நாடியை ஏற்றும் அட்ரோபின் ஊசிக்குக் கேட்கும். ஒரு நாள் கழித்து வரும் தடையில் அடினோசினும் வீக்கமும் முதன்மை, அட்ரோபினுக்கு அவ்வளவாகக் கேட்காது. அப்போது சிரைவழி அமினோஃபிலின் சில நேரம் பயன்படுகிறது. அது அடினோசினை எதிர்க்கும் மருந்து. இரண்டு வகையும் பெரும்பாலானோருக்குச் சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள், தானே விலகிவிடும்.

முன்சுவர்: எச்சரிக்கை தராத தடை

எல்.ஏ.டி. அடைபட்டு முன்சுவரும் நடுச்சுவரும் பெரிய அளவில் சாகும்போது வரும் தடை எல்லா விதத்திலும் இதற்கு நேரெதிர். கெடுவது நோட் அல்ல, அதற்குக் கீழே உள்ள கிளைகள். பி.ஆர். இடைவெளி, அதாவது மேலறைத் துடிப்பு தொடங்கியதிலிருந்து கீழறைத் துடிப்பு தொடங்கும் வரையிலான நேரம், படிப்படியாக நீளாது. முதலில் வலது கற்றைக் கிளைத் தடை, அதோடு இடது முன்கிளைத் தடை, பிறகு ஒரு துடிப்பு விடுபடுதல், அடுத்து முழுத் தடை என்று சில நிமிடங்களிலேயே போய்விடலாம். கீழே பொறுப்பேற்க மிச்சமிருப்பது கீழறைத் தசையின் தன்னிச்சையான துடிப்பு மட்டுமே. அது நிமிடத்துக்கு 20 முதல் 40, அகலமானது, நம்ப முடியாதது, எந்த நேரமும் நின்றுவிடக்கூடியது.

இங்கே இறப்பு அதிகம் என்பதற்குத் தடை மட்டும் காரணமல்ல. கிளைகளைச் சாகடிக்கும் அளவுக்குத் தசை செத்திருக்கிறது என்பதுதான் முதல் காரணம். பேஸ்மேக்கர் வைத்துத் துடிப்பைச் சரிசெய்தாலும் இதயம் இரத்தத்தை வெளியே தள்ளும் வலுவின்றி அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். வீட்டாரிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. மானிட்டரில் எண் 70 என்று தெரிவதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

தாளில் இதைப் பிரித்தறிவது

வழக்கமான வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மி.மீ., ஒரு சிறுகட்டம் 0.04 நொடி. பி.ஆர். இடைவெளி 3 முதல் 5 சிறுகட்டங்களுக்குள் இருக்க வேண்டும். ஐந்தைத் தாண்டினாலும் ஒவ்வொரு பி அலைக்கும் (மேலறைத் துடிப்பு) ஒரு கியூ.ஆர்.எஸ். (கீழறைத் துடிப்பு) வந்தால் முதல் நிலைத் தடை. தனியாக அது ஆபத்தில்லை. ஆனால் பி.ஆர். 6 சிறுகட்டங்களைத் தாண்டியிருக்கும்போது மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பி கொடுக்கக் கூடாது.

இரண்டாம் நிலையில்தான் கண் கூர்மையாக இருக்க வேண்டும். பி.ஆர். நீண்டு, இன்னும் நீண்டு, பிறகு ஒரு துடிப்பு விடுபட்டு, மறுபடி குறுகலிலிருந்து தொடங்கினால் அது வென்கெபாக் வகை. நோடில் விழுந்த தடை. ஈ.சி.ஜி. இயந்திரம் வருமுன்பே, 1899-இல், நாடித் துடிப்பின் வரைவுகளைக் கொண்டே டச்சு மருத்துவர் வென்கெபாக் இதைக் கண்டார். இன்றும் மணிக்கட்டில் விரல் வைத்தால் மூன்று துடிப்பு, ஒரு இடைவெளி, மீண்டும் மூன்று துடிப்பு, ஒரு இடைவெளி எனக் கொத்துக் கொத்தாக வருவதை உணர முடியும். துணைச் சுகாதார நிலையத்துச் செவிலியர் இதை உணர்ந்து சொன்னாலே பாதி வேலை முடிந்தது. பி.ஆர். மாறாமல் இருந்து திடீரென ஒரு துடிப்பு மட்டும் விடுபட்டால் அது மோபிட்ஸ் இரண்டாம் வகை. தடை நோடுக்குக் கீழே. அடுத்தது முழுத் தடையாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

இரண்டு பி அலைக்கு ஒரு கியூ.ஆர்.எஸ். என்று வந்தால் எந்த வகை என்று தாளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நீளமான பதிவு எடுத்து, எங்காவது இரண்டு துடிப்புகள் அடுத்தடுத்து இறங்கும் இடத்தில் பி.ஆர். நீள்கிறதா என்று தேட வேண்டும். கியூ.ஆர்.எஸ். குறுகலாகவும் மாரடைப்பு கீழ்ச்சுவரிலும் இருந்தால் நோட். கியூ.ஆர்.எஸ். அகலமாகவும் மாரடைப்பு முன்சுவரிலும் இருந்தால் கிளைகள். பழைய கற்றைக் கிளைத் தடை உள்ளவருக்கு நோடில் தடை விழுந்தாலும் கியூ.ஆர்.எஸ். அகலமாகத்தான் தெரியும் என்பதை மறக்கக் கூடாது.

முழுத் தடையில் பி அலைகள் ஒரு தாளத்தில், கியூ.ஆர்.எஸ். வேறொரு தாளத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பின்றி ஓடும். ஒரு வெற்றுக் காகிதத்தின் ஓரத்தைத் தாளில் வைத்து மூன்று பி அலைகளைப் பேனாவால் குறித்துக்கொண்டு, அந்தக் காகிதத்தை அப்படியே வலப்பக்கம் நகர்த்தினால், கியூ.ஆர்.எஸ்.ஸுக்குள்ளும் அதை அடுத்து வரும் டி அலைக்குள்ளும் ஒளிந்திருக்கும் பி அலைகளும் பிடிபடும். எந்த இயந்திரமும் அச்சிட்டுத் தரும் வாசகத்தைவிட இந்தக் காகிதத் துண்டை நம்பலாம்.

கற்றைக் கிளைத் தடையும் பழைய ஈ.சி.ஜி.யும்

வலது கற்றைக் கிளைத் தடை எஸ்.டி. உயர்வை மறைக்காது, தேடினால் தெரியும். மார்வலியோடு புதிதாக வந்த வலது கிளைத் தடை என்றால் எல்.ஏ.டி. மேலேயே அடைபட்டிருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

இடது கற்றைக் கிளைத் தடையில் சிக்கல் வேறு. மாரடைப்பு இல்லாதபோதே அதில் எஸ்.டி. உயர்ந்தும் தாழ்ந்தும் காணப்படும். 1996-இல் ஸ்கார்போசா வகுத்த அளவுகோல்கள் இங்கே உதவுகின்றன. கியூ.ஆர்.எஸ். மேல்நோக்கி இருக்கும் லீடில் எஸ்.டி.யும் 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் உயர்ந்திருந்தால் 5 மதிப்பெண். வி1 முதல் வி3 வரை எஸ்.டி. 1 மி.மீ. தாழ்ந்திருந்தால் 3. கியூ.ஆர்.எஸ். கீழ்நோக்கி இருக்கும் லீடில் எஸ்.டி. 5 மி.மீ. உயர்ந்திருந்தால் 2. மொத்த மதிப்பெண் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மாரடைப்பு என்றே கொள்ளலாம். வராவிட்டால் மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்த இரண்டாவது வாக்கியத்தை மறந்துதான் பலர் தவறு செய்கிறார்கள்.

அந்தத் தடை புதிதா பழையதா என்று சொல்லப் பழைய தாள் வேண்டும். ஈ.சி.ஜி. அச்சாவது வெப்பத்தாளில். நம் ஊர் வெயிலில் அலமாரிக்குள் வைத்த தாள் சில வருடங்களிலேயே வெளிறிப் போய்விடும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம். எடுத்த அன்றே ஒரு ஜெராக்ஸும் கைபேசியில் ஒரு படமும் எடுத்து, சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பி வைத்துவிட்டால், நள்ளிரவில் வார்டிலிருந்து கேட்கும்போது யாராவது ஒருவர் எடுத்துக் கொடுக்க முடியும்.

மருந்து, மின்முனை, கம்பி

தடைக்கான முதல் சிகிச்சை, அடைபட்ட குழாயைத் திறப்பதுதான். மாரடைப்பு என்று உறுதியான நேரத்திலிருந்து 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடியாது என்றால், உள்ளூரிலேயே இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டு அனுப்ப வேண்டும்; அந்த ஊசி போடக் கூடாத காரணம் எதுவும் இல்லாதவர்களுக்கே இது பொருந்தும். எடைக்கேற்ப 30 முதல் 50 மி.கி. டெனெக்டிபிளேஸ், அல்லது 15 லட்சம் யூனிட் ஸ்ட்ரெப்டோகைனேஸ். ஹார்ட் பிளாக் இருப்பது இந்த ஊசிக்குத் தடையல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தமிழக அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றின் முதல் தவணை கிடைக்கிறது. கானாடுகாத்தானிலோ கல்லலிலோ இருப்பவர் வண்டி தேடி அலையும் நேரத்தில் இதை வாங்கிப் போட்டுக்கொள்வது பலன் தரும்.

அட்ரோபின் 1 மி.கி. வீதம் 3 முதல் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை, மொத்தம் 3 மி.கி. வரை. இங்கே கிடைக்கும் ஆம்பூல் பெரும்பாலும் 0.6 மி.கி., எனவே இரண்டு ஆம்பூல்களைச் சேர்த்து வேகமாகப் போட வேண்டும். தயங்கித் தயங்கி 0.5-க்கும் குறைவாகப் போட்டால் நாடி இன்னும் மெதுவாகக்கூடும். கிளைகளில் விழுந்த தடையில் அட்ரோபின் கெடுதலும் செய்யும். அது மேலறையின் வேகத்தைக் கூட்டும், கெட்டுப்போன கிளையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, முன்பு இரண்டுக்கு ஒன்று இறங்கிய துடிப்பு மூன்றுக்கு ஒன்றாகும். கீழ்ச்சுவரில்கூட, அழுத்தம் நன்றாக இருந்து, நினைவு தெளிவாக இருந்து, நாடி 45 என்றால் அட்ரோபின் போட அவசரப்பட வேண்டாம். மெதுவான நாடியில் இதயத்தின் ஆக்சிஜன் தேவை குறைவு, அதை வீணாக ஏற்றுவதில் லாபமில்லை.

அட்ரோபின் கேட்காவிட்டால் டோபமைன் அல்லது அட்ரினலின் சொட்டு, கூடவே தோல்வழிப் பேஸிங், அதாவது தோலில் ஒட்டிய மின்முனைகளால் இதயத்தைத் துடிக்க வைப்பது. முன்சுவர் மாரடைப்போடு மோபிட்ஸ் இரண்டு, மாறி மாறி வரும் கிளைத் தடை, அல்லது வலது கிளையோடு இடதின் ஒரு கிளையும் சேர்ந்து புதிதாகக் கெட்டது என்று தெரிந்தால், நாடி நன்றாக இருந்தாலும் வண்டி நகரும் முன்பே ஒட்டுமுனைகளை மார்பிலும் முதுகிலும் ஒட்டிவிட வேண்டும். ஓடும் வண்டியில் வியர்த்த மார்பைத் துடைத்து, முடி மழித்து ஒட்டுவது நடக்காத காரியம். கிளம்பும் முன் அந்த வண்டியின் டெஃபிப்ரிலேட்டரில் (மின்னதிர்ச்சி தரும் கருவி) பேஸிங் வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். எல்லா இயந்திரத்திலும் அது இல்லை. வேகம் 60 முதல் 80. மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, திரையில் பேஸிங்கைக் காட்டும் ஒவ்வொரு செங்குத்துக் கோட்டுக்கும் பின்னால் ஓர் அகலமான கியூ.ஆர்.எஸ்.ஸும் அதற்கு ஒரு டி அலையும் வரும்போது நிறுத்தி, அதற்கு மேல் 5 அல்லது 10 மில்லிஆம்பியர் வைக்க வேண்டும். பின்பு நாடியைத் தொடை மடிப்பில் பார்க்க வேண்டும். கழுத்தில் பார்த்தால் தசை துடிப்பதை நாடி என்று ஏமாந்துவிடுவோம். ஆக்சிமீட்டரின் அலை கோட்டோடு ஒத்துப்போகிறதா என்பதும் நல்ல சோதனை. நினைவோடு இருப்பவருக்கு இது வலிக்கும், மயக்க மருந்து சிறிதளவு கொடுத்தே செய்ய வேண்டும்.

தோல்வழிப் பேஸிங் பயணத்துக்கான இடைக்கால ஏற்பாடு மட்டுமே. மருத்துவமனையில் கழுத்துச் சிரை அல்லது தொடைச் சிரை வழியாகக் கம்பியை வலது கீழறை வரை செலுத்துவார்கள். கட்டி கரைக்கும் ஊசி போட்டவருக்குக் காறை எலும்பின் கீழே குத்தக் கூடாது, அங்கே இரத்தம் கசிந்தால் அழுத்தி நிறுத்த வழியில்லை. கம்பி சரியாக அமர்ந்தால் 1 மில்லிஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்திலேயே இதயம் துடிக்கும். அதன் இரண்டு மூன்று மடங்கில் வைத்து, நாள்தோறும் அந்த அளவைத் திரும்பச் சோதிப்பது வழக்கம். அளவு ஏறிக்கொண்டே போனால் கம்பி நகர்ந்திருக்கிறது. தொடைவழிக் கம்பி உள்ளவர் காலை மடக்கினாலே நகரலாம். விட்டு விட்டு விக்கல் வந்தாலோ அழுத்தம் திடீரென விழுந்தாலோ கம்பி கீழறைச் சுவரைத் துளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலது கீழறை பாதிக்கப்பட்டவருக்குக் கீழறையை மட்டும் துடிக்க வைத்தால் எண் ஏறும், அழுத்தம் ஏறாது. மேலறை முன்னால் சுருங்கித் தரும் உதவி அவருக்கு இன்றியமையாதது.

நாடி வேகமாகும் பக்கமும் உண்டு. மெதுவாகிப்போன மின்பாதையில் துடிப்பு சுழன்று திரும்பி வந்து கீழறை நடுக்கத்தை உண்டாக்குவதுதான் முதல் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் முதன்மைக் காரணம். அதற்கு மருந்தில்லை, உடனடி மின்னதிர்ச்சிதான். அது வரும் வரை நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். குழாய் திறந்ததும் வரும் 50 முதல் 110 வரையிலான அகலமான கீழறைத் தாளத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தானே அடங்கும், லிக்னோகைன் போட்டு அதை அடக்குவது தேவையற்றது.

நிரந்தரப் பேஸ்மேக்கர் எப்போது

கீழ்ச்சுவர் மாரடைப்பில் மூன்றாம் நாள் முழுத் தடை இருக்கிறது என்பதற்காக நிரந்தரப் பேஸ்மேக்கர் வைக்கச் சொன்னால், வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இன்னும் சில நாள் தற்காலிகக் கம்பியோடு பார்க்கலாமா என்பது. குறைந்தது ஐந்து நாளாவது காத்திருந்து, தடை விலகாவிட்டால் மட்டுமே வைக்க வேண்டும் என்பது 2021-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல். ஒரு கிளை மட்டும் புதிதாகக் கெட்டு, துடிப்பு ஒன்றும் விடுபடாமல் இருந்தால் அதற்காகவும் வைப்பதில்லை. முன்சுவரில், நோடுக்குக் கீழே விழுந்த இரண்டாம் நிலைத் தடையோ முழுத் தடையோ நிலைத்துவிட்டால் தள்ளிப்போடக் கூடாது. அங்கே இதயத்தின் வலு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எக்கோவில் பார்த்து, சாதாரணப் பேஸ்மேக்கர் போதுமா, அதிர்ச்சி தரும் கருவியும் தேவைப்படுமா என்று சேர்த்தே யோசிப்பார்கள்.

தடை விலகி வீடு திரும்பியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாரடைப்புக்கு முன்பே மெட்டோப்ரோலால், டில்டியாசம், வெரப்பமில், டிஜாக்சின் ஆகியவற்றில் ஒன்றைச் சாப்பிட்டு வந்திருந்தால், பழைய மருந்துச் சீட்டைப் பார்த்து அதைத் தானாகத் தொடங்கக் கூடாது. நான்குமே ஏ.வி. நோடை மந்தப்படுத்துபவை. சிறுநீரகம் பழுதானவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலும் இதே தடை திரும்ப வரும், எனவே ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர்கள் சொன்ன தேதியில் பொட்டாசியம் சோதனை செய்ய வேண்டும். காலையில் எழுந்ததும் உட்கார்ந்தபடி ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வரலாம். 50-க்குக் கீழே இறங்கித் தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் அன்றே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். அப்போது மாரடைப்பு நாளில் எடுத்த தாளும், தடை விலகிய பின் எடுத்த தாளும் இரண்டுமே கையில் இருக்க வேண்டும்.